ஆயிரம் வாட்டும் எழுநூற்றைம்பது வாட்டும்

என் கணவருக்கும் என் அண்ணனுக்கும் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. தகராறு செய்யச் சொத்து வேண்டுமே. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கணவர் ஃபேக்டரி எலக்ட்ரீசியனுக்கு உதவியாள், அண்ணன் ஜீப் டிரைவர். இருவருக்கும் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுதான். அப்படிப்பட்ட இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் இரண்டு சினிமா புரொஜெக்டர்கள். அவற்றில் ஒன்றுகூட ஓடியதை இருவரும் அதுவரை பார்த்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், தொழிலாளர் கிளப்புக்கு ஒரு புரொஜெக்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று மேனேஜர் தலையை ஆட்டிவிட்டார். போடியிலிருந்து இரண்டு வியாபாரிகள் மலையேறி வந்து ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருவருடைய மெஷினில் பல்பு ஆயிரம் வாட். இன்னொருவருடையதில் எழுநூற்றைம்பதுதான், ஆனால் லென்ஸ் உசத்தி. கிளப் கமிட்டியில் இருந்த இந்த இரண்டு மேதைகளும் அன்றே ஆளுக்கொரு நோட்டீஸை எடுத்துக்கொண்டு பிரிந்துவிட்டார்கள்.

என் கணவர் ஆயிரம் வாட் கட்சி. கரண்ட் சம்பந்தப்பட்ட எதிலும் பெரிய நம்பர்தான் நல்ல நம்பர் என்பது அவர் படிப்பு. அண்ணன் லென்ஸ் கட்சி. "பல்பு எவ்வளவு எரிஞ்சா என்ன தாயி, வெளிச்சம் வெளிய வரணும்ல? லென்ஸோட எஃப் நம்பரு இதுல ஒண்ணு புள்ளி ரெண்டு. நம்பரு சின்னதா இருந்தாத்தான் ஒசத்தி" என்று என் அடுப்படியில் உட்கார்ந்து விளக்கினார். எஃப் என்றால் என்ன அண்ணே என்று கேட்டேன். "எஃப்னா எஃப்தான்" என்றார்.

சாயங்காலம் இதைக் கணவரிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். "நம்பரு சின்னதா இருந்தா ஒசத்தியா? அப்ப உங்கண்ணன் பள்ளிக்கூடத்துல வாங்குன மார்க்கெல்லாம் எம்புட்டு ஒசந்த மார்க்கு!" என்றார். மறுநாள் டீக்கடையிலும் அதையே சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்திருக்கிறார். அது ஜீப் ஏறி அண்ணன் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு அண்ணன் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். எனக்கு அம்மா அப்பா இல்லை, கூடப் பிறந்தது அண்ணன் ஒருவர்தான். அவர் மடி இல்லையென்றால் யார் மடியைக் கடன் கேட்பேன்? "பொறந்த வீடு இல்லாதவ" என்று கொழுந்தெடுக்கும் இடத்தில் ஆயுசுக்கும் பேசுவார்கள். கணவரிடம் அழுதேன். "மொதல்ல ஆயிரம் வாட்டு நல்லதுன்னு ஒத்துக்கச் சொல்லு, அப்புறம் கூப்புடுறேன்" என்றார். அண்ணனிடம் ஆள் விட்டேன். எஃப் நம்பரைக் கேலி செய்தவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று பதில் வந்தது. என் பிள்ளையின் காது அந்தரத்தில் தொங்கியது.

கடைசியில் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் மஸ்டர் களத்தில் இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே படத்தை ஒரே திரையில் ஓட்டிப் பார்ப்பது. திரை தைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இரவல் தையல் மிஷினில், நான்கு வெள்ளைத் துணியை ஒட்டுப்போட்டுப் பெரிதாகத் தைத்துக் கொடுத்தேன்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில் அன்றைக்கு எஸ்டேட்டே பாயோடும் கம்பளியோடும் வந்து உட்கார்ந்திருந்தது. ஃபேக்டரியிலிருந்து வயர் இழுத்தவர் என் கணவர். மெஷின்களை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியவர் அண்ணன். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே அத்தனை வேலையையும் செய்தார்கள், அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

அப்போதுதான் எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கும் அணைப் பக்கமிருந்து மூடுபனி ஏறி வந்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. தினம் சாயங்காலம் வருவதுதான், நாங்கள் அதைப் பார்த்தபடிதான் வளர்ந்தோம். வாட்டையும் லென்ஸையும் ஒரு மாதம் அலசிய இரண்டு பேருக்கும் இது ஒன்று மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதலில் ஆயிரம் வாட். பளீரென்று வெளிச்சம் கிளம்பி, திரைக்குப் போகாமல் பாதி வழியில் பனியிலேயே நின்றுவிட்டது. களம் முழுக்க வெள்ளை. கதாநாயகனின் மூக்கு மட்டும் முன்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே ஒரு தடவை மிதந்துபோனது. அடுத்து எழுநூற்றைம்பது. அது திரை வரைக்கும் போனது, ஆனால் மூன்றாம் தடவை கொதிக்கவைத்த தேயிலைச் சாயம் மாதிரி போனது. கத்திச் சண்டையா கல்யாணமா என்று தெரியவில்லை. சத்தம் மட்டும் பிரமாதமாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

"வோல்டேஜு கம்மி" என்றார் கணவர், காற்றைப் பார்த்து. "லென்ஸத் தொடைக்கல" என்றார் அண்ணன், வானத்தைப் பார்த்து. இரண்டு வியாபாரிகளும் சரக்கு விற்க வந்தவர்கள், மெஷினைக் குறை சொல்வார்களா? ஒருவர் திரையைத் தடவிப் பார்த்து, "துணி சரியில்லீங்க, நடுவுல ஒட்டு வேற ஓடுது" என்றார். மற்றவர் உடனே ஆமாம் போட்டார்.

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் என் கணவர். "இவ தைச்சா இப்பிடித்தான் இருக்கும், மச்சான்."

"எங்கம்மா எம்புட்டோ சொல்லிக் குடுத்துச்சு மாப்ள, இவ எங்க காதுல வாங்குனா!" என்றார் அண்ணன்.

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு மெஷினையும் தூக்கி அணையில் போட்டிருப்பேன். பனியைக் காட்டி நன்றாகக் கேட்டுவிடலாம் என்று வாயையும் திறந்தேன். ஆனால் 'மச்சான்' என்றும் 'மாப்ள' என்றும் இருவரும் கூப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. திரையின் ஒரே மூலையை இருவரும் சேர்ந்து பிடித்துக்கொண்டு என் தையலைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாண்ணே, தப்பு என்மேலதான்" என்றேன். "பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம்..."

"அதுக்கென்ன தாயி, எம்மடி எதுக்கு இருக்கு?" என்றார் அண்ணன். எஃப் நம்பரை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

காதுகுத்து நன்றாகவே நடந்தது. அந்தத் திரையைத்தான் மடித்து அண்ணனுக்கு உட்காரப் போட்டிருந்தேன். மாமன் மடியில் என் மகள் ஊரே கேட்கும்படி அழுதாள். நானும் அழுதேன், எனக்கு அது சந்தோஷ அழுகை. சாப்பாடு முடிந்து பேசிப் பேசி இருட்டிவிட்டது. அண்ணன் கிளம்பும்போது, அவர் வீடு இருக்கும் மேல் டிவிஷன் வரை போய் வரலாம் என்று கணவரும் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வாசலில் பனி இறங்கியிருந்தது. அண்ணன் பெரிய லைட்டைப் போட்டார், எதிரே ஒரே வெள்ளை. பட்டென்று அணைத்துவிட்டுச் சின்ன லைட்டைப் போட்டார்.

"மஞ்சுல பெரிய லைட்டப் போட்டா ஒண்ணுமே தெரியாது மாப்ள. வெளிச்சமெல்லாம் மூஞ்சிலயே திரும்ப வந்து அடிக்கும்."

"பின்ன? அது சின்னப் புள்ளைக்கே தெரியுமே மச்சான்" என்றார் என் கணவர்.

பிள்ளையை இடுப்பிலும் திரைத் துணியைத் தோளிலும் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். ஜீப் வளைவில் மறைந்ததும் அந்தத் துணியிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.