பனி உருகிய பகலும் அரிசி மூட்டைகளும்

குளிர் குறைந்ததற்காகக் கவலைப்படுகிற ஒருத்தியை நான் லண்டனுக்கு வந்து, மிச்சம் (Mitcham) என்ற இந்தப் பகுதியில்தான் கண்டேன். அடுத்த வீட்டு பிரெண்டா, பஸ் ஓட்டுபவள். ஒரு கிழமையாக உறைந்துகிடந்த பனியின்மேல் அன்று காலை தென்மேற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீசியது, கூடவே மழை. "நல்ல வெதர்" என்றேன் சந்தோஷமாக. அவள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. வெள்ளம் வருமுன் வானம் கறுத்து அறிவித்துவிடும். இங்கே அந்த வெள்ளம் ஒரு கிழமைக்கு முன்பே வந்து, கூரைகளிலும் தோட்டங்களிலும் வெள்ளையாகச் சத்தமில்லாமல் காத்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சூட்டுக்காற்றும் மழையும் சேர்ந்து அவ்வளவையும் ஒரே பகலில் கரைத்தன. உறைந்த மண் ஒரு சொட்டையும் உறிஞ்சவில்லை. எல்லாம் ஆற்றுக்குத்தான் போனது.

மத்தியானம் பிரெண்டா கதவைத் தட்டி, "ஹாண்ட்பாக் இருக்கா?" என்று கேட்டாள். அப்படித்தான் என் காதில் விழுந்தது. கைப்பையை எடுத்து நீட்டினேன். "சாண்ட்! சாண்ட்பாக்!" என்று கத்திப் பின்வேலியைக் காட்டினாள். அவள் கேட்டது மணல் மூட்டை. வேலிக்கு இப்பால் தண்ணீர் நின்றது.

எங்களுடையது கீழ்த்தள வீடு. முன்னறையில் என் இரண்டு தையல் மெஷின்கள், நிலத்தோடு பதிந்த கனமான மோட்டர்கள். சண்டைக்காலத்தில் ஒரு மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடியவள் நான். இன்னொருமுறை ஓடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன். பைகளில் நிரப்ப மண் வெட்டலாமென்றால், உறைந்த நிலத்தில் மண்வெட்டி இறங்கவில்லை. வீட்டு நடையில் கணவரின் கடைக்கான அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவருக்கு அழைத்தேன்.

"அரிசி மூட்டையளைக் கதவுக்கு அடுக்கப்போறன்."

"விசரே உனக்கு? கடைச் சாமானல்லோ!"

"அரிசி திரும்ப வாங்க ஏலும். நான் அடுக்கிறன்."

பிரெண்டாவும் நானும் மூச்சுவாங்க இழுத்து அடுக்கினோம். நனைந்த அரிசி ஊதி, மூட்டைகள் ஒன்றோடொன்று இறுகிச் சுவராகின. கசிந்த தண்ணீர் கம்பளத்தை நனைத்தது, மோட்டருக்கு ஏறவில்லை. பின்னேரம் காற்று வடக்குக்குத் திரும்பிக் குளிர் பிடித்தது. உருகல் நின்றது. ஆறு மெல்ல இறங்கியது.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து தங்கச்சி அழைத்தாள். "இந்தமுறை மாரி பொய்ச்சுப்போச்சு, அக்கா. கிணறு உவர்க்குது. மழைக்குக் கும்பிடுங்கோ."

"ஓம்" என்றேன். ஈரக் கம்பளத்தில் வெறுங்காலோடு நின்று சாமிப்படத்தைக் கும்பிட்டேன். அங்கே கொட்டவேணும், இங்கே ஒரு துளியும் விழக்கூடாது. இரண்டையும் ஒரே மூச்சில்தான் கேட்டேன்.