அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள்

அறுவை சிகிச்சை முடிந்து மதுரையிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆண்டிபட்டி தாண்டியதும் என் மனைவியின் போன் அடித்தது. கூப்பிட்டது என் அண்ணன் மனைவி.

"குடலிறக்கம்க்கா. ஆப்பரேசன் பண்ணிட்டாக. பயப்பட ஒண்ணுமில்ல" என்றாள் இவள்.

எனக்கு எடுத்தது புராஸ்டேட் சுரப்பியை. அதில் புற்றுநோய் இருந்தது. பொய் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிலிருந்து ஊருக்கு எனக்குக் குடலிறக்கம். உண்மை தெரிந்தவர்கள் எங்கள் மகனும் மகளும்தான். இருவரும் வெளியூரில் இருக்கிறார்கள்.

எனக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. பெரியகுளத்தில் தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சுருளிப்பட்டியில் இருக்கும் ஒன்றரை ஏக்கர் திராட்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுநீர் தடைப்பட்டுத் தடைப்பட்டு வந்தது. வயசாகிவிட்டது என்று ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். பிறகு ரத்தப் பரிசோதனை, சதைப் பரிசோதனை என்று போய் மதுரையில் முடிந்தது.

அறுவைக்கு முந்தின நாள் டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "நோய் வெளியில பரவல. எடுத்துட்டா நல்லாயிருவீங்க. ஆனா ரெண்டு விஷயம் இருக்கு. கொஞ்ச நாளைக்குச் சிறுநீர் கட்டுப்படாது, தானா கசியும். இன்னொண்ணு, புருசன் பொண்டாட்டி உறவுல சிரமம் இருக்கும்." இரண்டாவதைச் சொல்லும்போது அவர் என்னை மட்டும் பார்த்தார்.

என் மனைவி முதலாவதைப் பற்றித்தான் கேட்டாள். "எத்தன நாளைக்குக் கசியும், சார்?"

"சில பேருக்கு ஒரு மாசம். சில பேருக்கு ஒரு வருசம்."

அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது குழாயும் சிறுநீர்ப் பையும் கூடவே வந்தன. பத்து நாள் அவள்தான் பையைக் காலி செய்தாள். பார்க்க வருகிறவர்கள் தெருமுனையில் தெரிந்ததும் பையின்மேல் ஒரு துண்டைப் போடுவாள். வந்தவர்கள் குடலிறக்கத்துக்கு வைத்தியம் சொன்னார்கள். அண்ணன் ஒருநாள் இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். "எங்க தெருவுல ஒருத்தரு இதக் கட்டித்தாம்ப்பா மூட்டையே தூக்குறாரு" என்றார். அவர் இருந்த அரை மணி நேரமும் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுபடி மதுரைக்குப் போய்க் குழாயை எடுத்தார்கள். எழுந்து நின்றதும் கால் வழியாக ஓடியது. அடக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் எதைக் கொண்டு அடக்குவது என்று தெரியவில்லை. அந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

பக்கத்து அறையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருத்தி பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். என் மகளைவிட இளையவள். "மூத்திரத்தப் பாதியில நிறுத்துற மாதிரி இறுக்குங்க ஐயா. பத்து எண்ணுற வரைக்கும் அப்படியே வச்சிருந்து விடுங்க. ஒரு நாளைக்கு மூணு வேளை" என்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மனைவியிடம் திரும்பி, "அம்மா, நீங்களும் கேட்டுக்கங்க. பிரசவத்துக்கு அப்புறம் பொம்பளைங்களுக்கும் இந்தத் தொந்தரவு வரும். அவங்களுக்கும் இதே பயிற்சிதான்" என்றாள். என் மனைவி, "பத்து எண்ணணுமா?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு டயாபர். எங்கள் ஊரான கம்பத்தில் மருந்துக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். அதனால் அவள் பஸ் ஏறித் தேனிக்குப் போய் வாங்கி வந்தாள். முதல் பத்து நாளில் அவள் சொன்ன சில விஷயங்கள் எனக்கு ஆச்சரியமாக இருந்தன. இருமல் வருகிறது என்று தெரிந்தால் முன்னாலேயே காலைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். டயாபர் தீர்ந்த ஒருநாள், பழைய நூல் சேலையைக் கிழித்து எட்டாக மடித்துக் கொடுத்தாள். புதுத் துணி உறிஞ்சாது, பத்துத் தடவையாவது துவைத்த துணிதான் உறிஞ்சும் என்றாள். விசேஷ வீட்டுக்குப் போனால் வாசலை ஒட்டி, சுவர் ஓரத்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்றாள். அவளுக்கு நல்ல சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

படுக்கையை நான் முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். மாற்றும்போது காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. தலையணை உறையை மட்டும் மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது மாதம் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். கனம் தூக்கக் கூடாது என்பதால் சும்மா பார்வையிடுவதோடு சரி. பந்தலுக்கு அடியில் நின்று கையை மேலே தூக்கிக் கொடியைக் கட்டினாலே கசிந்தது. ஆட்கள் கண்ணில் படாமல் பம்புசெட் ரூமுக்குப் போய்த் துணி மாற்றிக்கொண்டு வருவேன். காலை வேளைப் பயிற்சியை அங்கேயே திண்டில் உட்கார்ந்து செய்வேன். கூட வரும் அவள் எதிரில் உட்கார்ந்து எனக்காக வாய்விட்டு எண்ணுவாள். நான் எண்ணினால் ஏழிலேயே பத்து என்று சொல்லி ஏமாற்றுவதாக அவள் கண்டுபிடித்திருந்தாள்.

ஒருநாள் ஆறாவது தடவையில் எனக்கு அலுத்துவிட்டது. சத்தம் காட்டாமல் விட்டுவிட்டேன். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். பத்து வந்ததும் மூச்சு விட்டாள், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கினாள். முகம் இறுகியிருந்தது. கால் கட்டை விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"நான் அப்பவே நிறுத்திட்டேன்" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. பத்து முடிந்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். "நானும்தான் செய்றேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"எனக்கும் இருக்குல்ல. சின்னவ பெறந்ததுலருந்து இருக்கு. இருமுனா வரும், தும்முனா வரும். குடத்தத் தூக்குனா வரும்."

எங்கள் மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது.

அந்த நேரத்தில் நான் அவளுக்காக வருத்தப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குக் கோபம் வந்தது. "இத்தன வருசமா ஏன் சொல்லல?" என்று சத்தமாகவே கேட்டேன்.

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக?"

நான் யோசித்துப் பார்த்தேன். சரியான பதில், ஒன்றும் செய்திருக்க மாட்டேன் என்பதுதான். "போய் டாக்டரப் பாரு" என்று சொல்லியிருப்பேன். அவள் தனியாகப் போயிருக்க மாட்டாள். நானும் மறந்திருப்பேன்.

"ஒங்களுக்குப் பேரு வச்ச நோவு. பெரிய டாக்டரு, பெரிய ஆஸ்பத்திரி. எனக்கு அது நோவுன்னே தெரியாதுங்க. புள்ள பெத்தா இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன். அந்தப் புள்ள மதுரையில சொன்னப்பறந்தான் தெரியும்" என்றாள். பிறகு எழுந்து தோட்டத்துக்குள் போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவளைப் பற்றி நான் பல முடிவுகள் எடுத்து வைத்திருந்தேன். பஸ் பயணம் என்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். பிடிவாதக்காரி என்பது என் முடிவு. கல்யாண வீடுகளில் பாதியில் கிளம்பிவிடுவாள், மனிதர்களோடு ஒட்டாதவள். வெளிர் நிறத்தில் சேலை எடுத்துக் கொடுத்தால் பெட்டியிலேயே கிடக்கும். என் ரசனை பிடிக்காதவள். சின்னவள் பிறந்த பிறகு என்னிடமிருந்து கொஞ்சம் விலகியே இருந்தாள், அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அதை இங்கே எழுதவில்லை. எட்டாக மடித்த துணியும், காலைக் குறுக்கிப் போடுவதும், வாசலோர நாற்காலியும் சாமர்த்தியம் இல்லை, பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாளிலிருந்து இருவரும் மாற்றி மாற்றி எண்ணினோம்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் டாக்டர் இரண்டாவது விஷயத்துக்கு மாத்திரை எழுதினார். என் மனைவி அப்போது வெளியில் இருந்தாள். சீட்டைச் சட்டைப்பையில் இரண்டு வாரம் வைத்திருந்து பிறகு வாங்கினேன். தோட்டத்தில் ஆட்கள் மருந்தடிப்பு முடித்துப் போன ஒரு மத்தியானம், வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சரியாக வரவில்லை. முகம் கொதித்தது, தலை வலித்தது. கொஞ்சம் கசியவும் செய்தது.

"போதுங்க. மொகமெல்லாம் செவந்து போச்சு. மொளகாக் கடிச்ச மாதிரி இருக்கீக" என்று அவள் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. திரும்பிப் படுத்துக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து, "ஒனக்கு இது குறையா இல்லையா?" என்று கேட்டேன். நாற்பது வருடக் குடித்தனத்தில் இந்த மாதிரி ஒரு கேள்வியை நான் அவளிடம் கேட்டதில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "இல்லன்னு சொன்னா பொய்யி. ஆனா அது பெருசில்லங்க. நீங்க கட்டில முன்னறைக்குக் கொண்டு போனீகல்ல, அதான். நான் தொட்டா ஒங்களுக்குப் பிடிக்கலையோன்னு நெனச்சேன்."

"வாடை அடிக்கும்னு போனேன்."

"முப்பது வருசமா என்கிட்ட அடிச்சுதா?"

அடித்ததில்லை. அன்று சாயங்காலம் கட்டிலை இருவருமாகத் தூக்கினோம். நான் கனம் தூக்கக் கூடாது என்று தலைமாட்டுப் பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள். மாத்திரையை அதன் பிறகும் சில தடவை போட்டுப் பார்த்தேன். ஓரளவுக்கு மேல் அது போகவில்லை. இப்போது போடுவதில்லை. பக்கத்தில் படுத்துப் பேசிக்கொண்டிருப்பது மட்டும் முன்பைவிடக் கூடியிருக்கிறது.

ஐந்தாவது மாதத்தில் அவள், "ரெண்டு வாரமாச்சு, தும்முனாலும் இல்ல" என்றாள். எனக்கு அப்போதும் நாளைக்கு இரண்டு பேடு தேவைப்பட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது. சொன்னேன். "நீங்க ஒழுங்கா எண்ணல" என்றாள்.

அண்ணன் மனைவியிடம் உண்மையை அவளே போய்ச் சொன்னாள். என்னுடையதையும் தன்னுடையதையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அண்ணன் ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்து, அந்த ரத்தப் பரிசோதனையைத் தேனியிலேயே எடுக்க முடியுமா என்று கேட்டார்.

ஒரு வருடம் முடிந்து பரிசோதனைக்குப் போனபோது என் ரத்தத்தில் நோயின் அடையாளம் இல்லை என்றார்கள். வெளியே போனால் மட்டும் ஒரு பேடு வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கே, அதே மருத்துவமனையில், மகளிர் டாக்டரைப் பார்க்க அவளுக்கும் சீட்டுப் போட்டோம். பயிற்சியில் முக்கால்வாசி சரியாகியிருந்தது; குடம் தூக்கினால் மட்டும் மிச்சம் இருந்தது. அவள் உள்ளே போகும்போது பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னைச் சுற்றிப் பெண்களாக உட்கார்ந்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நர்ஸ் வெளியே வந்து, "இந்தம்மாவோட வந்தவுக யாரு?" என்று கேட்டாள்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன்.