கறுப்புக் கட்டைக்கு வேலை இல்லாத வீடு

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு 'அஞ்சு நிமிஷம் அக்கா' என்று பெயர். கன்னம் வீங்கி வந்தவர் யார் கேட்டாலும், "அஞ்சு நிமிஷம், உக்காருங்க" என்பாள். அந்த ஐந்து நிமிடம் முக்கால் மணிக்குள் முடிந்ததாக யாருக்கும் நினைவில்லை.

கணவனைப் பிரிந்து வந்தபின், அண்ணன் வீட்டின் பின்னறையே அவளுடைய இருப்பிடமாயிற்று. துணி உலர்த்தும் கம்பிகளுக்குக் கீழே ஒரு கட்டில், ஒரு மேசை. வீட்டில் யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. ஆனால் அண்ணி, "இது உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் அந்த 'மாதிரி' மட்டும் முள்ளாய் உள்ளே தங்கிவிடும்.

அண்ணன் விளம்பரங்களுக்கு இசை அமைப்பவன். சுவரெங்கும் பஞ்சு ஒட்டிய அவன் வேலையறை அவள் அறைக்கு அடுத்தது. இடையில் இருந்த சுவர் பெயருக்குத்தான் சுவர். ஒருநாள் அவன் தன் பழைய மடிக்கணினியையும் ஒரு மிடி கீபோர்டையும் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தான். தானாக ஒலி எழுப்பத் தெரியாத கருவி அது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது என்ற செய்தியை மட்டும் கணினிக்கு அனுப்பும். ஓசை கணினியிலிருந்து வரும்.

"பொழுது போகட்டும்," என்றான்.

முதல் சில நாட்கள் அவள் வாசித்தது அவளுக்கே சகிக்கவில்லை. பிறகு ஒரு மாலை அண்ணன் உள்ளே வந்து, கணினியில் எதையோ தட்டிவிட்டு, "இப்ப வாசி" என்றான். வாசித்தாள். பிசிறே இல்லை. எங்கு விரல் வைத்தாலும் ஸ்வரம் இனித்தது.

"அட, உனக்குக் கை வந்துருச்சே!"

அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். அன்றிலிருந்து காதால் கேட்ட பாட்டையெல்லாம் விரலால் தேடிப் பிடித்தாள். தொடக்கத்திற்கு இரண்டாவது வெள்ளைக் கட்டை. அங்கிருந்து வெள்ளையிலேயே ஏறி வெள்ளையிலேயே இறங்கினால் எந்தப் பாட்டும் வசப்பட்டது. கறுப்புக் கட்டையை அழுத்தினால் பக்கத்து வெள்ளையின் ஓசையே திரும்ப வந்தது.

"இந்தக் கறுப்பெல்லாம் எதுக்குண்ணா?"

"அதெல்லாம் பெரிய வித்வான்களுக்கு. நீ ஏன் அங்க போற?" என்று அவன் சிரித்தான்.

இப்படியே இரண்டாண்டு சென்றது. மருத்துவமனைக்குப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொள்ள வந்த அம்மையார் ஒருவர் சிறுவர் இசைப்பள்ளியின் முதல்வர். பேச்சுவாக்கில், தம் பள்ளியில் பிள்ளைகள் பாடும்போது கீபோர்டு வாசிக்க ஆள் தேவை என்றும், தங்க ஒரு சிறு அறையும் தருவதாகவும் சொன்னார். அறை என்ற சொல் காதில் விழுந்ததுமே அவள் மனம் பெட்டியைக் கட்டிவிட்டது. வாசித்துப் பதிவு செய்து அனுப்பினாள்.

"ரொம்ப சுத்தமா வாசிக்கறீங்களே! நேர்ல வாங்க," என்று மறுநாளே அழைப்பு வந்தது.

பள்ளியில் இருந்தது சாதாரண கீபோர்டு. தன் ஓசையைத் தானே எழுப்புவது. பிள்ளைகள் கைதட்டிப் பாடும் துள்ளலான பாட்டு ஒன்றை முதல்வர் கேட்டார். அவளுக்கு மனப்பாடமான பாட்டுதான். இரண்டாவது வெள்ளைக் கட்டையில் தொடங்கினாள். பிள்ளைகள் ஸ்ருதி பிடித்துச் சேர்ந்தார்கள். மூன்றாவது ஸ்வரத்தில் பிள்ளைகள் மேலே போக, அவள் வாசிப்பு அரை ஸ்வரம் கீழே விழுந்தது. ஏழாவதிலும் அப்படியே. மறுபடி தொடங்கினாள், மறுபடி அதே இடத்தில் சறுக்கியது. துள்ள வேண்டிய பாட்டு ஒப்பாரி வைத்தது.

"மிஸ், அந்த ஆன்ட்டி அழற மாதிரி வாசிக்கறாங்க!" என்றது ஒரு குழந்தை. வகுப்பே சிரித்தது.

"கீபோர்டுல ஏதோ கோளாறுங்க மேடம்," என்றாள் அவள். முதல்வர் குனிந்து, அந்த இரண்டு இடங்களிலும் கறுப்புக் கட்டையைத் தொட்டு அதே வரியை வாசித்துக் காட்டினார். பாட்டு துள்ளியது.

"கீபோர்டு நல்லாத்தாங்க இருக்கு. நீங்க அனுப்பின ரெக்கார்டிங் யார் வாசிச்சது?"

"நான்தான்."

"பரவால்லைங்க. கெளம்புங்க."

'பரவால்லைங்க' என்ற அந்த ஒரு சொல்லில் அவளைத் திருடி என்று சொல்லியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் வேலையறைக் கதவைத் தள்ளினாள். நடந்ததைச் சொன்னாள். அவன் காதிலிருந்த ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "ஓ, அந்த ஸ்கேல் செட்டிங்கா?" என்றான். மென்பொருளில் ஸ்கேல்களின், அதாவது ஸ்வர வரிசைகளின், பட்டியல் ஒன்று உண்டு; அதில் ஒன்றைத் தேர்ந்து பூட்டிவிட்டால், அந்த ஸ்கேலில் இல்லாத கட்டையை யார் அழுத்தினாலும் மென்பொருள் அதைப் பக்கத்துச் சரியான ஸ்வரத்துக்கு நகர்த்திவிடும். அவன் பூட்டியிருந்தது டி மேஜர்: இரண்டாவது வெள்ளையில் தொடங்கி, மூன்றாவது ஸ்வரமும் ஏழாவதும் கறுப்பில் விழும் வரிசை. பூட்டிய நாளில் அவன் செய்துகொண்டிருந்த பற்பசை விளம்பரமும் அதே ஸ்கேல்.

"தப்பே வராம சந்தோஷமாத்தானே வாசிச்சே? உனக்காகத்தான் போட்டேன்."

"அவளுக்காகவா?" வாசலில் நின்ற அண்ணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "செவுத்துக்கு அந்தப் பக்கம் தட்டற சத்தத்துல தலைவலி வருது, இவ எதைத் தொட்டாலும் என் பாட்டோட ஒத்துப்போகட்டும்னு சொன்னது யாராம்?"

அண்ணன் மனைவியை முறைத்தான். தங்கை அவனை மட்டும் பார்த்தாள்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"மறந்தே போயிட்டேம்மா."

"சரி. அந்த மேடத்துக்கு ஃபோன் போடு. இந்த மாதிரி பூட்டி வச்சிருந்தேன், என் தங்கச்சி ஏமாத்தலன்னு சொல்லு. அது போதும்."

"என்னன்னு சொல்லச் சொல்றே? அவளுக்கு வாசிக்கத் தெரியாது, கம்ப்யூட்டர்தான் வாசிச்சுதுன்னா? அதைவிட இது தேவலாம். எனக்கும் வெளியில ஒரு பேரு இருக்குல்ல?"

அவன் அழைக்கவே இல்லை. முதல்வர் பல்லுக்கு உறை போட வந்த அன்று, மருத்துவர் அவளை உள்ளே கூப்பிட்டு, "பேஷன்ட்ஸ்கிட்ட சொந்த விஷயம் எதுவும் வச்சுக்காதம்மா," என்றார், நல்லவிதமாகத்தான். பள்ளி வேறொருவரை எடுத்துக்கொண்டது. அறையும் அவருக்கே போயிற்று.

ஒரு விடுமுறை நாளில் அவளே மென்பொருளைக் குடைந்து, அந்தப் பட்டியலைக் கண்டுபிடித்துப் பூட்டை நீக்கினாள். அதே பாட்டைத் தொடங்கினாள். மூன்றாவது ஸ்வரத்துக்குக் கறுப்புக் கட்டை என்று மூளை சொன்னது. பழகிய விரல் வெள்ளையில் போய் விழுந்தது. நிறுத்தினாள். தொடங்கினாள். மறுபடி வெள்ளை. ஒன்றும் தெரியாதவளாகத் தொடங்கினால்கூட இதைவிடச் சீக்கிரம் கற்றிருப்பாள். இப்போது கற்றதையெல்லாம் முதலில் கைவிட வேண்டும்.

பக்கத்து அறையில் நாற்காலி நகர்ந்தது. அண்ணன் எட்டிப் பார்த்துக் கிசுகிசுத்தான்: "ஏய், க்ளையன்ட் லைன்ல இருக்காரு. அந்த ஸ்கேலப் போட்டுக்கோயேன்."

"இருக்கட்டும். எது தப்புன்னு எனக்குக் கேக்கணும்."

அவன் பெருமூச்சுவிட்டு, கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அவள் மீண்டும் முதல் கட்டையில் விரல் வைத்தாள். சுவருக்கு அப்பால் அவன் சிரித்துக்கொண்டே பேசுவது தெளிவாகக் கேட்டது:

"அதுங்களா சார்? பக்கத்து வீட்டுல. யாரோ சின்னக் கொழந்த கத்துக்குது."