விளக்குக்கு நேராக நின்ற தண்ணீர்

கியா பார்ம் என்ற மலையூருக்குக் கீழே, தேயிலைச் சரிவை ஒட்டிய பங்களா ஒன்றை நானும் என் கணவரும் பார்த்துக்கொள்கிறோம். முதலாளி இருப்பது கோலாலம்பூரில். வேலை இருக்கும்வரைதான் பின்னால் உள்ள வீடு எங்களுக்கு. பங்களாவில் நீச்சல் குளம் வேறு. இந்தக் குளிரில் எவர் இறங்குவார் என்று கேட்காதீர்கள். தங்க வருகிறவர்கள் படம் பிடிக்க இறங்குவார்கள்.

மழை இல்லாத ஒரு மாதத்தில் குளத்துத் தண்ணீர் குறையத் தொடங்கியது. நிரப்ப நிரப்ப இறங்கியது. முதலாளி போனில், "குழாய தொறந்து விட்டுட்டு தூங்குறியாம்மா? இப்படியே போனா வேற ஆள்தான் பாக்கணும்" என்றார். வேலை போனால் வீடும் போகும்.

இங்கே தண்ணீர் காணாமல் போனால் யாரும் தரையைப் பார்ப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கறுப்புக் குழாயைத்தான் பார்ப்பார்கள். ஓடையிலிருந்து காடு மேடெல்லாம் குழாய் இழுத்துப் பாய்ச்சுகிற ஊர். வேலிக்கு அந்தப் பக்கம் சாமந்தி போட்டிருக்கும் அக்காவின் குழாய் எங்கள் குளத்தை உரசாத குறையாகப் போகும். ஊரே காய்ந்து கிடக்க, அவர் செடி மட்டும் எப்படிப் பச்சையாக இருக்கிறது? வேலிக்குள் கைவிட்டுக் குழாயிலிருந்து எங்கள் குளத்துக்குக் கிளை எதுவும் போகிறதா என்று தடவிப் பார்த்தேன்.

"என்னடி, என் பைப்புக்குக் காய்ச்சலா, தொட்டுப் பாக்குற?" அக்கா பின்னால் நின்றிருந்தார்.

"இல்லக்கா... குளத்துல தண்ணி கொறையுது."

"குளோரின் தண்ணிய ஊத்துனா என் செடி செத்துடும் லா! திருடுறவ நல்ல தண்ணியா பாத்துத் திருட மாட்டாளா?"

நான் நம்பவில்லை. வெயிலில் வைத்தால் குளோரின் போய்விடும் என்று எங்கோ கேட்டிருந்தேன்.

"வெயில் குடிச்சிருக்கும்" என்றார் என் கணவர். குளத்துப் படியில் ஒரு வாளியை வைத்து, குளத்துத் தண்ணீர் மட்டத்துக்கே நிரப்பினேன். மறுநாள் வாளித் தண்ணீர் அப்படியே இருந்தது. குளம் மட்டும் இறங்கியிருந்தது. ஆக, வெயில் இல்லை. அக்காதான்.

நிரப்புவதை நிறுத்திவிட்டு, துணி காயப்போடும் சாக்கில் வேலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துச் சுவரில் பதித்த விளக்கின் அடிவிளிம்புக்கு வந்ததும் தண்ணீர் நின்றுவிட்டது. அப்புறம் அசையவே இல்லை. நான் காவல் இருப்பது தெரிந்து நிறுத்திவிட்டார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். ஆனால் திருடுகிறவள் விளக்குக்கு நேராக அளந்தா நிறுத்துவாள்?

திரும்ப நிரப்பி, மோட்டாரை அணைத்து, தண்ணீர் அடங்கியதும் குளிரில் பல் கிடுகிடுக்கக் குளத்தில் இறங்கினேன். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை விளக்கைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மேலே விட்ட நீலம் கலைந்து பரவியது. அடியில் விட்டது மட்டும் நூல்போல நீண்டு விளிம்பின் இடுக்குக்குள் போய்விட்டது.

என் கணவர் அதைப் படம் பிடித்து முதலாளிக்கு அனுப்பினார். "ஆள் அனுப்புறேன். நீங்களே இருந்து பாத்துக்குங்க" என்றார் முதலாளி. அந்த "நீங்களே"யைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வேலிக்கு ஓடினேன். அக்கா தன் குழாயைப் பிடுங்கித் தோட்டத்தின் மறுபக்கத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டை கெடச்சிருச்சுக்கா! வேலையும் போகல!"

"நல்லது."

"அப்புறம் எதுக்குக்கா குழாய மாத்துறீங்க?"

"அடுத்த தடவ மழை இல்லாதப்பவும் நீதானடி இங்க இருப்ப?"