நெஞ்சு ஆறும் நேரம்

எழுபதுகளில், உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்காக யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் அறுவடை முடிந்த எங்கள் வயலில் மாலை வேளைகளில் ஓடிப் பழகினேன். கூட வருபவள் என் மச்சாள், மாமாவின் மகள். ஒரே வயது, ஒரே வகுப்பு. நான் ஓடி நின்றதும் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணுவாள். துடிப்பு விரைவாக இறங்கினால் நெஞ்சு பழகிவிட்டது என்று எங்கோ கேட்டிருந்தாள்.

நாளுக்கு நாள் விரைவாகத்தான் இறங்கி வந்தது. பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், அதே ஓட்டம், அதே வேகம். நின்று வெகுநேரமாகியும் நெஞ்சு அடங்கவில்லை.

"எனக்கு ஏதோ நெஞ்சு வருத்தம் போலை," என்றேன்.

"வெய்யிலாக்கும்," என்றாள். அவள் முகமும் வாடித்தான் இருந்தது.

அந்தக் கிழமை முடிய எனக்கு மாதவிலக்கு வந்தது. துடக்கென்று அம்மா அறையில் இருக்கச் சொன்னார். போட்டி நெருங்கிவிட்டதென்று கெஞ்சி, மறுநாள் வயலுக்குப் போனேன். நான் மயங்கி விழுவேனோ என்ற பயத்தில் அம்மாவும் பின்னால் வந்து வரம்பில் நின்றார். ஓடி முடித்ததும் நாடியைப் பிடித்த மச்சாள் கத்தினாள்:

"எடியே, பழையபடி இறங்கிட்டுது!"

போட்டியில் இரண்டாவதாக வந்தேன். அதன் பிறகும் ஓட்டத்தை விடவில்லை. அடுத்த மாதமும் அப்படியே நடந்தது: வருவதற்கு முந்திய கிழமை அடங்க மறுத்த நெஞ்சு, வந்ததும் அடங்கியது. மச்சாளும் ஓடிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சூலகத்துச் சுரப்புகளான ஓமோன்களின் வேலை கருப்பையோடு முடிகிறதென்றுதான் நான் படம் கீறிப் படித்திருந்தேன். அவை நெஞ்சு வரைக்கும் வந்து போகின்றனவோ என்று நினைக்க உடம்பு சிலிர்த்தது.

வரம்பில் நின்ற அம்மாவிடம் சொன்னேன்.

"எனக்கும் அந்தக் கிழமையிலை தண்ணி அள்ளினால் நெஞ்சு படபடவெண்டு அடிக்கும். லேசிலை ஆறாது. உடம்பு ஏலாமல் போச்செண்டு நினைச்சன். ஒருத்தரோடையும் கதைக்கேல்லை."

பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். ஒருவரும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த வரம்பு வரைக்கும் ஓடினார், திரும்பி ஓடி வந்தார். அம்மா ஓடி நான் அதுவரை கண்டதில்லை. மூச்சிரைக்கச் சிரித்தபடி கையை நீட்டினார்.

"பிடிச்சுப் பார் பிள்ளை, எப்பிடி அடிக்குதெண்டு."

பிடித்தேன். என் விரல்களுக்குக் கீழே அது பாய்ந்துகொண்டிருந்தது. பிறகு, யாரும் சொல்லாமலே, மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. மச்சாள் கடிகாரத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். நான் எண்ண மறந்துபோனேன்.