டெங்கிலுக்குப் போன டிவி

பிரிக்பீல்ட்ஸில் டிவி பழுது பார்க்கும் மைதீனைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறு கையில் இறங்கிவிடும் என்பார். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். கிள்ளானில் வேலை பழகிய காலத்தில், நிறுத்தி வைத்திருந்த ஒரு பெட்டி அவரைத் தூக்கிச் சுவரில் அடித்திருக்கிறது. அதற்குப் பிறகு, பெட்டியின் இரும்புச் சட்டத்தோடு வயரால் இணைத்த ஸ்குரூடிரைவரைக் குழாயின் ரப்பர் மூடிக்குள் நுழைத்து, தேங்கிய மின்சாரம் 'டப்'பென்று இறங்கும் சத்தம் கேட்காமல் வேலையைத் தொடங்கியதில்லை.

இத்தனை பயந்த மனிதருக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.

மேசையில் டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி பக்கிரிசாமியின் கலர் டிவி இருந்தது. அந்த மாதிரிப் பெட்டிகளில் உள்ளே இருக்கும் சட்டத்திலேயே வீட்டு மின்சாரம் ஓடும். அது ஏரியல் வயருக்குப் போய்விடாமல் தடுக்க, புளியங்கொட்டை அளவில் ஒரு சாமான் உண்டு. அது கெட்டுப்போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, படம் வருகிறதா என்று பார்க்க அந்த இடத்தில் ஒரு துண்டு வயரைப் பற்றவைத்திருந்தார். கடையில் வீட்டு மின்சாரத்தைப் பிரித்துவிடும் தனி டிரான்ஸ்பார்மர் வைத்துத்தான் பெட்டிகளை ஓட்டுவார் என்பதால் அங்கே ஆபத்தில்லை. பாசார் ரோட்டில் புதுச் சாமான் வாங்கி வந்தவர், தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் அதைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினார். பல்லி ஏறக்கூடாதென்று பெட்டியின் பின்மூடியை மட்டும் மூடிவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது மேசை காலியாக இருந்தது.

"கிராணி லோரியோட வந்தாருங்க," என்றாள் மனைவி ரம்லத். "தோட்டத்து லோரி, இப்ப விட்டா அடுத்த வாரம்தான்னாரு. மூடிதான் போட்டிருந்துச்சே, வேலை முடிஞ்சிருச்சுன்னு குடுத்துட்டேன்."

மைதீன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். புதுச் சாமான் அங்கேயே இருந்தது. தோட்ட ஆபீசுக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஏரியல் கம்பத்தத் தொட்டா ஆள் போயிரும்," என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

பூச்சோங் பாதை முழுக்க அவர் கண்ணில் நின்றது அந்தக் கம்பம்தான். டிவி வீட்டுக்கு வந்தால் யார்தான் ஏரியலைத் திருப்பிப் பார்க்கமாட்டார்கள்? தெற்கே வானம் கறுத்திருந்தது. மழை பெய்தால் யாரும் வெளியே வரமாட்டார்கள் என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. நனைந்த கையோடு பிடித்தால் என்ன ஆகும் என்று அடுத்த கணமே தோன்றியது. ஓதத் தொடங்கிய துஆ பாதியில் மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து ஓதினார்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் குரல்தான் முதலில் கேட்டது.

"இப்ப தெரியுதா?"

"இல்லங்க, ஒரே பொரியா இருக்கு! இன்னும் கொஞ்சம் திருப்புங்க!"

பலகை வீட்டின் பக்கவாட்டில் மர ஏணி மேல் நின்று, சுவரில் கட்டியிருந்த ஏரியலின் இரும்புக் குழாயைப் பக்கிரிசாமி இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். காலில் தோட்டத்து ரப்பர் பூட்ஸ். அதுவும் மர ஏணியும்தான் அவரைக் காத்துக்கொண்டிருந்தன.

கத்தலாம் என்று மைதீன் வாயைத் திறந்தார், சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டார். அவர் திடுக்கிட்டுத் திரும்பி, குழாயைப் பிடித்தபடியே தரையில் விழுந்தாலோ தகரக் கூரையில் சாய்ந்தாலோ முடிந்தது கதை. மோட்டாரைப் புல்லில் சாய்த்துவிட்டு, காலில் போட்டிருந்த சப்பாத்தோடு வீட்டுக்குள் ஓடினார். டிவி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணைத் தாண்டிப்போய் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கினார்.

"யாருங்க நீங்க? என்ன பண்றீங்க?" என்று அவள் எழுந்தாள்.

மைதீன் பிளக்கைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழத் தொடங்கின.

உள்ளே வந்த பக்கிரிசாமியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். "அண்ணே, வேலை முடியலைன்னு நான் வீட்டுல சொல்லிட்டுப் போயிருக்கணும். என் தப்புதான்."

பக்கிரிசாமி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அதான் சுருக்குன்னுச்சா! எறும்புன்னு நெனச்சேன் லா. பரவால்ல பாஸ், நல்லாத்தானே இருக்கேன்." சிரிக்கவும் செய்தார்.

அவர் மனைவி சீதாலெட்சுமி சிரிக்கவில்லை. "அந்த ஏணி இத்துப்போனது. இவரு கனம் தாங்காது, நான் ஏறுறேன்னுதான் சொன்னேன்," என்றாள். "என் கால்ல செருப்புகூட இல்ல." அடுப்படிக்குப் போய்விட்டாள். கோப்பி வந்தது. ஆனால் அவள் வரவில்லை.

கோப்பியைக் குடித்து முடித்த பிறகே மைதீன் பெட்டியைத் திறந்தார். இடது கையைப் பின்னால் வைத்து, ஸ்குரூடிரைவரை நுழைத்தார். 'டப்'பென்ற சத்தம் கேட்டுப் பக்கிரிசாமி துள்ளி விலகினார். துண்டு வயரை எடுத்துவிட்டுப் புதுச் சாமானைப் பற்றவைத்து, மீட்டரில் இரண்டு தடவை சோதித்த பிறகுதான் ஏரியலை மாட்டினார்.

வீடு திரும்பும்போது ரம்லத் வாசலிலேயே நின்றிருந்தாள். "ஆள்...?" என்றாள்.

"இருக்காரு."

அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். மைதீன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ரம்லத் பிற்பாடு சொல்வதுண்டு.

மறுநாளிலிருந்து, பழுதுக்கு வரும் பெட்டிகளின் பிளக்கை அவர் வெட்டி எடுத்து வைத்தார். பிளக் இல்லாவிட்டாலும் வயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுகிற ஆட்கள் இருக்கிறார்களே என்று இரண்டாம் வாரத்தில் தோன்றிவிட்டது. அதிலிருந்து முழு வயரையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி ரம்லத்திடம் இருந்தது. வேலை முடிந்தது என்று அவர் வாயால் சொல்லிக் கேட்காமல் அவள் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.