செருப்புக் கடைக்கு வந்த அம்மன்

வீட்டுக்கோ கடைக்கோ சீரியல் பல்பு கட்ட வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் மைக் செட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். நாமே ஏணி போட்டு ஏறிக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்பவர்கள் ஒரு தடவை கட்டிப் பார்க்க வேண்டும். சரத்தில் ஒரு பல்பு போனால் மொத்தமும் போய்விடும். எது போனது என்று ஒவ்வொன்றாகத் திருகிக் கண்டுபிடிப்பதற்குள் பண்டிகையே முடிந்து பட்சணம் நமுத்துவிடும். அதனால் எங்கள் கடையின் முதல் தீபாவளிக்கு என் கணவர் பம்மலுக்கே போய், கோயில் திருவிழாவுக்கெல்லாம் விளக்கு கட்டும் ஒருவரிடம் மயில் உருவத்தில் ஒரு சீரியல் போர்டு வேண்டுமென்று சொல்லிவிட்டு வந்தார். எண்பதுகளின் கடைசி அது.

எங்களுடையது மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் செருப்புக் கடை. என் கணவரின் குடும்பத்துக்கு முடிச்சூரில் நிலம் இருந்தது. அதில் தன் பங்கு கொஞ்சத்தை விற்றுத்தான் இவர் கடை வைத்தார். "நெல்லு வெளைஞ்ச நெலத்த வித்துட்டு செருப்பு விக்கப் போறியா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்தக் கட வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று மாமனார் சொல்லிவிட்டார். சொன்னதைக் காப்பாற்றியும் வந்தார். பஸ்ஸில் கடையைத் தாண்டும்போது முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். எதிர்ப்பக்கம் இருந்தது பிராந்திக் கடை. அதைக்கூடப் பார்ப்பார், மகன் கடையைப் பார்க்க மாட்டார்!

இத்தனைக்கும் முடிச்சூரில் எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். மாமனார் என்னிடம் நன்றாகவே பேசுவார். குரோம்பேட்டையில் ஒரு வாத்தியாரின் மகள் நான். எனக்கு நிலமும் தெரியாது, செருப்பும் தெரியாது, வாய் மட்டும் உண்டு என்று அவருக்குத் தெரியும். கடைப் பேச்சை எடுத்தால் மட்டும் ரசத்தில் எதையோ தேடுகிறவர் மாதிரி குனிந்துகொள்வார். என் கணவரும் விடமாட்டார். அன்றைக்கு யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என்னிடம், கூடத்தில் இருக்கும் அப்பாவுக்குக் கேட்கிற சத்தத்தில் சொல்வார். நாள் முழுக்க அதே கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான். எனக்குத் தெரியாத சேதியா அது? அப்பா ஒரே ஒரு தடவை கடைக்குள் வர வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. வாய்விட்டுக் கேட்க மட்டும் மாட்டார்.

சொன்னபடி பம்மல்காரர் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் வந்தார். என் கணவர் சரக்கு எடுக்கப் பெரியமேட்டுக்குப் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான்.

"அக்கா, மயிலு போர்டுதான பேசினது? அது ஒரு புடவக் கடைக்குப் போயிடுச்சு. வேற கொண்டாந்துகீறேன்."

"வேற என்ன?"

"சூப்பர் போர்டுக்கா. ஆடி மாசம் இத்தப் பாக்க பல்லாவரத்துலேர்ந்து ஜனம் வந்துச்சு."

ஆடி மாசம் என்று கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நாலு கடை தள்ளி இருந்த ஜவுளிக்கடைக்காரர் கட்டியிருந்த அருவி விளக்குதான் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது.

"மயிலை விடப் பெரிசா?"

"ரெண்டு மடங்கு."

"கட்டுங்க."

எரியாத சீரியல் போர்டைப் பார்த்து அது என்னவென்று கண்டுபிடிக்க பிரம்மாவாலும் முடியாது. மூங்கில் சட்டம், அதில் கலர் கலராகப் பல்பு, அவ்வளவுதான். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டிவிட்டுத்தான் அதைத் தூக்கிக் கட்டினார்கள். அப்போதாவது நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தொழில் பக்தி என்று நினைத்து மெச்சிக்கொண்டேன். வேலையாட்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தேன்.

இருட்டியதும் பம்மல்காரர் ஸ்விட்சைப் போட்டார். ஒரு மரப்பெட்டிக்குள் செப்புத் தகடு ஒட்டிய உருளை கடகடவென்று சுழல, விளக்குகள் ஓட ஆரம்பித்தன. முதலில் சிங்கம் வந்தது. அப்புறம் சூலம். அப்புறம், எட்டுக் கைகளோடு அம்மன். கண்ணை வேறு திறந்து திறந்து மூடினாள். அவள் காலடியில் எங்கள் கடைப் பலகை: எல்லா சைஸ்களிலும் செருப்புகள் கிடைக்கும்.

சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து இரண்டு பெண்கள். அடுத்து ஒரு பஸ்ஸே மெதுவாகப் போனது. ஜன்னல்களுக்குள் எல்லாக் கைகளும் கும்பிட்டன. பஸ் ஸ்டாப்பில் பூ விற்றுக்கொண்டிருந்தவர் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே குடிவந்துவிட்டார்.

சரக்கு மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய என் கணவர், கூட்டத்தைப் பார்த்ததும் தானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கும்பிட்டு முடித்த பிறகுதான் அது எந்தக் கடை என்று பார்த்தார்.

"யாருடி இதுக்கு சரின்னு சொன்னது?"

"மயிலை விடப் பெரிசுன்னு சொன்னார்" என்றேன்.

பம்மல்காரரைப் பிடித்து உடனே கழற்றச் சொன்னார். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "வேணாண்ணா. நாளைக்கு வெள்ளிக்கெயம. தேங்கா ஒடச்சி ஏத்துன அம்மன இன்னிக்கு ராவோட ராவா எறக்கினேன்னு வை, பம்மல்ல எவனும் எனக்கு ஏணி புடிக்க மாட்டான். சனிக்கெயம வந்து எறக்கிடறேன்."

"அப்ப ஸ்விட்சையாவது அணை."

"அம்மன் வெளக்க நான் அணைக்கணுமா? தோ கீது ஸ்விட்சு. நீயே அணை."

என் கணவர் ஸ்விட்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் பூக்காரரைப் பார்த்தேன். கடைசிவரை யாரும் அதைத் தொடவில்லை. காலையில் கரண்ட் கட் ஆகித்தான் அணைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலைமை இன்னும் மோசம். கூட்டத்துக்குக் குறைச்சலில்லை, கடைக்குள்தான் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? கும்பிட வந்தவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகள் வாசலை அடைத்துக்கொண்டு முழங்கால் உயரத்துக்குக் கிடந்தன. விஷயம் தெரியாத ஒருவர் அந்தக் குவியலைக் கிளறிவிட்டு, "பழசாட்டம் கீதே, இத்த இன்னா வெலைக்குக் குடுக்கிற?" என்று என் கணவரிடமே கேட்டார். பெரியமேட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு மூட்டை கட்டு பிரிக்காமல் கிடந்தது. என் கணவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்போதுதான் மாமனார் வந்தார். வீட்டில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை; மகன் கடை மேல் அம்மன் எரிகிறாள் என்று யாரோ முடிச்சூர் வரைக்கும் சேதி கொண்டுபோயிருக்க வேண்டும். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நாங்கள் இருவரும் உள்ளேயே ஒடுங்கி நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், அம்மனை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். திரும்பினார். செருப்பைக் காணோம்.

குனிந்து தேடினார். குவியலை இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். ஜோடி பிரிந்து கிடந்தவற்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அவரைப் பார்த்தால் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவர் மாதிரியே இருந்தது. எனக்கு மட்டுமல்ல, மற்றவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது போலிருக்கிறது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், "பெரியவரே, இதக் கொஞ்சம் பாத்துக்குங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று தன் செருப்பைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டாள். மாமனார் வாங்கிக்கொண்டார். என்ன வாங்கினோம் என்று ஒரு கணம் கழித்துத்தான் பார்த்தார்.

என் கணவர் பாய்ந்து வெளியே ஓடினார். "அப்பா, குடுங்கப்பா, நீங்க போய் இதையெல்லாம் கையில..."

மாமனார் கொடுக்கவில்லை.

"இரு. அந்தப் பொண்ணு வந்து கேக்கும். என்ன நம்பித்தான குடுத்துட்டுப் போயிருக்கு."

தெருவெல்லாம் தேங்காய் ஓடு, மழைச் சேறு. அந்தச் செருப்பைக் கையில் பிடித்தபடி, வெறுங்காலோடு எங்கே நிற்பது என்று சுற்றிப் பார்த்தார். பிறகு குவியலைத் தாண்டிக் காலை எடுத்து வைத்து, வாசப்படி ஏறிக் கடைக்குள் வந்தார். நான் எழுந்து நின்றேன். "ஒக்காரும்மா" என்றார், ஏதோ தினம் வந்து போகிறவர் மாதிரி. அவரும் பெஞ்சில் உட்கார்ந்து நாலு சுவரையும் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு காட்டு. வெறுங்காலோடயா வூட்டுக்குப் போறது?"

என் கணவர் மூட்டையைப் பிரித்தார். சின்ன முக்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்து, அப்பாவின் காலை எடுத்துத் தன் தொடை மேல் வைத்து, சேற்றைத் துணியால் துடைத்தார்.

ஒரு காலில் புதுச் செருப்பு ஏறியிருந்தபோது அந்தப் பெண் வாசலில் வந்து நின்று, குவியலைப் பார்த்துத் திகைத்து, "ஐயோ, என் செருப்பு!" என்றாள்.

மாமனார் இருந்த இடத்திலிருந்தே கையை உயர்த்திக் காட்டினார்.

"பத்திரமா கீதும்மா. நம்ம கடதான் இது. இங்க ஒண்ணும் காணாமப் போவாது."

என் கணவர் நிமிரவே இல்லை. வார் இல்லாத செருப்பில் வார் இருக்கிற மாதிரி எதையோ மாட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்லாப்பெட்டியைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டேன்.